பச்சை நரகத்துல கோல்டு வாங்கணுமா? வாசகர் கேள்வி பதில்

கிரான் டூரிஸ்மோ 7-ங்கற கார் ரேஸ் கேம் விளையாடுறவங்க கிட்டேர்ந்து இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே டிராக்க பத்தித்தான், ஜெர்மனில இருக்கற, 'பச்சை நரகம்'னு பட்டப்பேர் வாங்கின நுர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப. அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு எடுத்து வச்சுட்டு இந்த பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: அண்ணா, சர்க்யூட் எக்ஸ்பீரியன்ஸ்ல (டிராக்க துண்டு துண்டா பழகற பகுதி) நார்ட்ஷ்லைஃப செக்டர், அதாவது துண்டு, எல்லாத்துலயும் கோல்டு வாங்கிட்டேன். ஆனா முழு சுத்து ஓட்டற ஒன் லேப் அட்டாக் மட்டும் நகரவே மாட்டேங்குது. பாதி லேப் வரைக்கும் சூப்பரா போகும், கருஸெல் வளைவு தாண்டினதும் எங்கயாவது புல்லுல இறங்கி அவுட் ஆகிடறேன். வெறுத்துப் போச்சு. என்ன பண்ணட்டும்?

தம்பி, எல்லா செக்டர்லயும் கோல்டு வாங்கினவருக்கு வேகம் பத்தலன்னு யாரும் சொல்ல முடியாது. பாதிக்கு மேல உங்களுக்கு டிராக் ஞாபகத்துல இல்ல, அவ்ளோதான் பிரச்சினை. ஏன் இல்லைங்கறதுக்கு காரணமும் இருக்கு. சாதாரண டிராக் நாலஞ்சு கிலோமீட்டர் இருக்கும், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ அதே வளைவு திரும்ப வந்துடும், கை தானா பழகிடும். இது 20.8 கிலோமீட்டர், வளைவு 73, கீழ இருக்கற எடத்துக்கும் மேல இருக்கற எடத்துக்கும் கிட்டத்தட்ட 300 மீட்டர் உயர வித்தியாசம். ஒரு வளைவ தப்பா எடுத்தா அத மறுபடி பாக்க ஏழெட்டு நிமிஷம் ஆகும். அதுலயும் நடுவுல அவுட் ஆனா உடனே ரீஸ்டார்ட் அடிக்கறோம்ல, அதனால ஆரம்பத்துல வர்ற ஹாட்ஸன்பாக் மட்டும் திரும்பத் திரும்ப பாத்து மனப்பாடம் ஆகிடும், கடைசில வர்ற ஃப்ளான்ஸ்கார்ட்டன் எப்பவோ ஒரு தடவதான் கண்ணுல படும். அங்க போய் சேரும்போது கை வேர்த்திருக்கும், கோல்டு டைம்ல இருக்கோம்ங்கற படபடப்பு வேற.

அதனால கடைசிலேர்ந்து பழகுங்க. இததான் நான் யார் கேட்டாலும் சொல்றது. மொதல்ல கடைசி செக்டர், அது கண்ண மூடினாலும் தெரியற அளவுக்கு வந்ததும் அதுக்கு முன்னாடி செக்டர், அப்பறம் அதுக்கு முன்னாடி, இப்படியே பின்னாடி போய்க்கிட்டே இருங்க. இப்படி பழகினா முழு லேப் ஓட்டும்போது போகப் போக உங்களுக்கு நல்லா தெரிஞ்ச ரோடு வரும். பயம் கூடறதுக்கு பதிலா கொறையும். கூடவே டைம் டிரையல்ல போய் முழு லேப்பா ஓட்டுங்க, புல்லுல இறங்கினாலும் சுவத்துல இடிச்சாலும் ரீஸ்டார்ட் அடிக்காம கடைசி வரைக்கும் போங்க, அந்த லேப் டைம் எவ்ளோ கேவலமா வந்தாலும் பரவால்ல.

அடுத்தது, நேரம் எங்க கெடைக்குதுன்னு தெரியணும். நெறைய பேர் ஹாட்ஸன்பாக்ல இருக்கற அந்த சின்னச் சின்ன லெஃப்ட்-ரைட்லயே உயிரக் குடுத்து ஓட்டுவாங்க. அங்க எவ்ளோ போராடினாலும் கெடைக்கறது கொஞ்சம்தான், டிராக் ஓரத்துல இருக்கற கர்ப் மேல கொஞ்சம் அதிகமா ஏறினா லேப் அங்கயே முடிஞ்சுரும். என் கணக்குல இந்த டிராக்ல மூணு எடம்தான் கோல்டா சில்வரான்னு முடிவு பண்ணுது. அரெம்பெர்க், பெர்க்வெர்க், கால்கன்காப்ஃப். மூணுமே வலது பக்க வளைவு, மூணுக்கும் அப்பறம் நீளமா ஃபுல் ஆக்சிலேட்டர்ல போற பகுதி வருது. அரெம்பெர்க் முடிஞ்சதும் ஃபுக்ஸ்ரோரெ இறக்கம். பெர்க்வெர்க் முடிஞ்சதும் கெஸ்ஸல்ஷென் ஏத்தம், அது கருஸெல்லுக்கு கிட்ட வரைக்கும் ஏறிக்கிட்டே போகும், வெளிய வரும்போது அஞ்சு கிலோமீட்டர் வேகம் கொறஞ்சாலும் அந்த ஏத்தத்துல அது உங்கள விடாம தொரத்தும். கால்கன்காப்ஃப் முடிஞ்சா டோட்டிங்கர் ஹோஹெ, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நேர் ரோடு. இந்த மூணு எடத்துலயும் கொஞ்சம் முன்னாடியே பிரேக் போட்டு, உள்ள மெதுவா போய், சீக்கிரம் ஆக்சிலேட்டர தொடுங்க. கால்கன்காப்ஃப்ல மட்டும் ஒரு விஷயம், அது ரெண்டு ரைட் சேந்த மாதிரி இருக்கும், மொத ரைட்லயே ஆசப்பட்டு அழுத்தினா ரெண்டாவதுல வெளிய தள்ளிடும், பொறுமையா இருங்க.

இப்ப நீங்க அவுட் ஆகற பகுதிக்கு வரேன். புருன்ஷென் கீழ எறங்கி மேல ஏறும், இறக்கத்துல பிரேக்க அழுத்திக்கிட்டே திருப்பினா பின்பக்கம் சுத்திடும், அதனால நேரா இருக்கும்போதே பிரேக்க முடிச்சுடுங்க. ஃப்ளான்ஸ்கார்ட்டன் இன்னும் மோசம், அங்க மேடு தாண்டினதும் காரு தரைய விட்டு எழும்பும். மேட்டு மேல பிரேக் போட்டா டயருக்கு பிடிப்பே இருக்காது, மேட்டுக்கு முன்னாடியே போட்டு, எழும்பற நேரத்துல பிரேக்க விட்டு, ஸ்டியரிங்க நேரா வச்சு எறங்குங்க. கொஞ்சம் திரும்பின நெலையில எறங்கினீங்கன்னா தரைய தொட்டதும் அந்த பக்கமே இழுத்துட்டுப் போயிடும், உங்களுக்கு நடக்கறது பெரும்பாலும் இதுதான்னு நெனைக்கறேன்.

கேள்வி: கருஸெல்ல எப்படி எடுத்தாலும் உள்ள இருக்கற காங்கிரீட்லேர்ந்து காரு வெளிய தூக்கி அடிச்சுடுதே?

கருஸெல் இடது பக்கம் சுத்தற வளைவு, உள் பக்கம் சரிவா காங்கிரீட் போட்டிருப்பாங்க, பேரு ருடோல்ஃப் கராச்சியோலாங்கற பழைய ஜெர்மன் டிரைவர் நெனவா வச்சது. ஏத்தத்துல வர்றதால நொழையற எடம் கண்ணுக்கே தெரியாது, அந்தக் காலத்துல தூரத்துல தெரியற உயரமான மரத்த குறி வச்சு திருப்புவாங்கன்னு ஒரு கத உண்டு. நீங்களும் அப்படி ஒரு அடையாளம் வச்சுக்கோங்க. பிரேக்க காங்கிரீட்டுக்கு வெளிய இருக்கும்போதே முடிச்சுட்டு, இடது சக்கரத்த மெதுவா உள்ள எறக்குங்க, எறங்கினதும் அந்த சரிவே கார தாங்கிப் பிடிச்சுக்கும், வாய்க்கால்ல தண்ணி போற மாதிரி தானா போகும். ஸ்டியரிங்க ரொம்ப திருப்ப வேணாம், ஆக்சிலேட்டர ஒரே அளவுல வைங்க. தூக்கி அடிக்கறதுக்கு காரணம் பெரும்பாலும் பாதிலயே ஃபுல்லா அழுத்தறதுதான். வெளிய வர்ற எடம் கண்ணுக்கு தெரிஞ்சதும் ஸ்டியரிங்க லேசா தளத்துங்க, காரு தானா மேல ஏறி வரும், நாலு சக்கரமும் தார் ரோட்டுக்கு வந்த பிறகு ஃபுல்லா அழுத்துங்க.

கேள்வி: டிரைவிங் லைன், சக்கரம் வழுக்காம பாத்துக்கற டிராக்ஷன் கன்ட்ரோல் எல்லாம் ஆஃப் பண்ணினாத்தான் கோல்டு வருமாமே?

டிரைவிங் லைன கண்டிப்பா ஆஃப் பண்ணுங்க. அது ஆன்ல இருக்கற வரைக்கும் கண்ணு ரோட்டுல வரைஞ்ச கோட்டத்தான் பாக்கும், மரம், கர்ப், போர்டு எதுவும் மனசுல பதியாது, இந்த டிராக்ல அதெல்லாம் பதியாம வேலைக்கே ஆகாது. டிராக்ஷன் கன்ட்ரோல ஒண்ணுல வைங்க, பின்சக்கர கார் ரொம்ப சுத்தினா ரெண்டு. அதுக்கு மேல வச்சா வளைவுலேர்ந்து வெளிய வரும்போது எஞ்சின் பவர வெட்டிடும், மேல சொன்ன மூணு எடத்துலயும் அது உங்களுக்கு நஷ்டம். ஏபிஎஸ் டிஃபால்ட்லயே இருக்கட்டும், அத எடுத்துட்டு ஓட்டறதுல ஒரு பெருமையும் இல்ல. கோல்டு டைம்ல ஓடிக் காட்டற நிழல் காரான கோல்டு கோஸ்ட்ட செக்டர் பழகும்போது மட்டும் போட்டு, எங்க பிரேக் போடுதுன்னு பாத்துக்கோங்க. முழு லேப்ல ஆஃப் பண்ணிடுங்க, அது முன்னாடி ஓடினா நாம தொரத்த ஆரம்பிச்சுடுவோம்.

கேள்வி: ஸ்டியரிங் வீல் வாங்காம கன்ட்ரோலர்ல முடியுமா?

முடியும். பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் இருக்கற எல்2, ஆர்2 பட்டன பாதி, கால்வாசின்னு அழுத்தப் பழகுங்க, ஸ்டிக்க ஒரேயடியா கடைசி வரைக்கும் தள்ளாதீங்க. வீல் இருந்தா ஓட்டறதுல சுகம் அதிகம், அது உண்மைதான், ஆனா கோல்டுக்காக மட்டும் அவ்ளோ காசு போட வேணாம்.

கேள்வி: வீட்ல திட்டறாங்க. இந்த கேம் ஓட்டறதால நெஜ ரேஸுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?

உண்டு, ஆனா பாதியோட நிறுத்திடாம முழுசா கேளுங்க. இந்த கேமோட தயாரிப்பாளர் கஸுனோரி யமவுச்சியே நுர்பர்க்ரிங் 24 மணி நேர ரேஸ்ல கார் ஓட்டினவர். 2008-லேர்ந்து சில வருஷம் ஜிடி அகாடமின்னு ஒரு போட்டி நடந்துச்சு, கேம்ல வேகமா ஓட்டறவங்கள நெஜ ரேஸ் டிரைவர் ஆக்கறதுக்கு. அதுல மொதல்ல ஜெயிச்சவர் ஸ்பெயின்காரர் லூக்காஸ் ஒர்டோன்யெஸ். 2011-ல ஜெயிச்சவர் பிரிட்டன்காரர் யான் மார்டன்பரோ. ரெண்டு பேரும் 2013-ல லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல ஒரே கார்ல ஓட்டி எல்எம்பி2-ங்கற கார் பிரிவுல மூணாவதா வந்தாங்க. அதே மார்டன்பரோ 2015 மார்ச்ல நார்ட்ஷ்லைஃபல ஓட்டும்போது ஃப்ளுக்ப்ளாட்ஸ் மேட்டுல காரு அப்படியே காத்துல எழும்பி வேலியத் தாண்டிப் போச்சு. வேடிக்கை பாக்க வந்த ஒருத்தர் இறந்துட்டாரு. அதுக்கப்பறம் அங்க சில எடத்துல வேகக் கட்டுப்பாடு போட்டாங்க, டிராக்கயும் சரி பண்ணினாங்க.

டிராக் ஞாபகம், பிரேக் போடற எடம், பதறாம இருக்கறது, இதெல்லாம் கேம்லேர்ந்து நெஜத்துக்கு வரும். உடம்புல படற விசையும், அடுத்தவர் உயிரும் டிவி திரைல தெரியாது. கேம்ல ஓட்டறோம்ங்கற தைரியத்துல ரோட்டுல பைக்க முறுக்கற பசங்களுக்கு இத நெஜமாவே கெஞ்சிக் கேட்டுக்கறேன், அந்த வேலைய மட்டும் செய்யாதீங்க.

கேள்வி: நெஜத்துல இந்த லேப்ப எவ்ளோ வேகமா முடிச்சிருக்காங்க?

1983-ல ஸ்டெஃபான் பெல்லாஃப் போர்ஷ 956-ல 6 நிமிஷம் 11.13 செகண்ட் எடுத்தாரு. அந்த டைம் 35 வருஷம் அசையல. 2018 ஜூன்ல டிமோ பெர்ன்ஹார்ட் போர்ஷ 919 ஈவோல 5 நிமிஷம் 19.546 செகண்ட்ல முடிச்சுட்டாரு, சராசரி வேகமே மணிக்கு 233 கிலோமீட்டருக்கு மேல. பெல்லாஃப் பேர ஃப்ளான்ஸ்கார்ட்டனுக்கு அடுத்து வர்ற எஸ் வளைவுக்கு வச்சிருக்காங்க, அடுத்த தடவ அந்த எடத்த தாண்டும்போது கவனிங்க.

கேள்வி: டிராக் பழக எந்த கார் எடுக்கலாம்?

எல்லாரும் நேரா ஜிடி3-ங்கற வேகமான பிரிவு ரேஸ் கார எடுக்கறாங்க, வேணாம். மஸ்டா ரோட்ஸ்டர் மாதிரி பவர் கம்மியான கார், பிடிப்பு கம்மியான கம்ஃபர்ட் டயர் போட்டு ஓட்டுங்க. வேகம் கம்மிங்கறதால சுத்துமுத்தும் பாக்க நேரம் கெடைக்கும், வளைவுல வேகத்த விட்டா திரும்ப எடுக்க அந்த எஞ்சினால முடியாது, அதனால எங்க பிரேக்கே தேவையில்லைங்கறது சீக்கிரம் பிடிபடும். அதுல ஒரு லேப் சுத்தமா போக வந்ததும் ஜிடி3-ல ஏறுங்க.