1978 அம்பாசிடருக்கு 1800 இசுசு இன்ஜின்: புரோக்கர் பேச்சை நம்பி இறங்கலாமா?

பொள்ளாச்சியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அப்பா வாங்குன 1978 அம்பாசிடர் மார்க் 3, ஒரிஜினல் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், குடும்பத்தோட வால்பாறை ஏறுனா ஆழியார் தாண்டுனதும் மூச்சு வாங்குது, பல இடத்துல முதல் கியர்தான். மெக்கானிக் ஒருத்தர் கான்டெசா கார்ல கழட்டுன 1800 இசுசு இன்ஜின் அஞ்சு கியர் பாக்ஸோட இருக்கு, மாட்டிடலாம்னு சொல்றாராம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல ஒரு புரோக்கர், "ஆர்.சி.யில ஏத்தித் தர்றது என் பொறுப்பு, வண்டியக்கூட கொண்டுவர வேண்டாம், 20,000 குடுங்க"ங்கறாராம். பண்ணலாமா, பின்னாடி ஏதாவது சிக்கல் வருமாங்கறதுதான் கேள்வி.

பண்ணாதீங்க தம்பி. அந்த இன்ஜின் உள்ள உட்காராதுன்னு சொல்லல, தாராளமா உட்காரும், கம்பெனியே தொண்ணூறுகள்ல இதே 1817 சிசி இன்ஜினை அம்பாசிடருக்குள்ள வச்சு 1800 ஐ.எஸ்.இசட்.னு வித்துச்சு. சிக்கல் ரெண்டு இடத்துல இருக்கு, ஒண்ணு பேப்பர், இன்னொண்ணு பிரேக்கு. நான் இன்சூரன்ஸ் சர்வேயரா ரொம்ப வருஷம் வேலை பார்த்தவன், அடிபட்ட வண்டியோட பானெட்டைத் திறந்து நம்பர் பார்க்கறதே பொழப்பா இருந்துச்சு, அதனால இதை அழுத்திச் சொல்றேன்.

முதல்ல சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. நுணுக்கம் எல்லாம் விட்டுட்டு சாரத்தைச் சொன்னா, வண்டியத் தயாரிச்சவங்க குடுத்த விவரத்துக்கு மாறா ஆர்.சி. விவரம் போற மாதிரி ஓனர் எதையும் மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கேரளா கேஸ் ஒண்ணுல இதையே உறுதியா சொல்லிடுச்சு. உங்க ஆர்.சி.யில 1489 சிசின்னு இருக்கு, அது 1817 ஆகுதுன்னா அது நேரா இதுக்குள்ளதான் வந்து விழுது. மீறுனா பிரிவு 182ஏ, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டுமே. கான்டெசாவும் அம்பாசிடரும் ஒரே கம்பெனிதானேன்னு மெக்கானிக் சொல்வாரு, கம்பெனி ஒண்ணுதான், ஆனா 1978ல உங்க வண்டி எந்த இன்ஜினோட வெளிய வந்துச்சோ அதுதான் கணக்கு.

இதுல ஒரே ஒரு கதவு இருக்கு, புரோக்கர் நுழையறதும் அந்தக் கதவு வழியாத்தான், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. பழைய இன்ஜின் பிளாக் விரிசல் விட்டுருச்சு, இனி ரிப்பேருக்கு ஆகாது, அப்போ அதே வகை இன்ஜின் வேற ஒண்ணை வாங்கிப் போடலாம். அதே வகைன்னா அதே கம்பெனி, அதே சிசி, அதே எரிபொருள். முன்கூட்டியே ஆர்.டி.ஓ. கிட்ட எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும், அனுமதி இல்லாம மாத்திட்டீங்கன்னா 14 நாளுக்குள்ள ஆர்.சி.யோட போய்ச் சொல்லணும். இன்ஜின் எந்த வண்டியில இருந்து வந்துச்சு, அந்த வண்டி ஆர்.சி. என்ன ஆச்சு, வித்தவங்க குடுத்த பில் எங்க, இந்த மூணும் கையில இருக்கணும். பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், வண்டியப் பார்த்து பென்சில் பிரிண்ட் (இன்ஜின் நம்பர் மேல பேப்பரை வச்சு பென்சில்ல தேய்க்கறது) எடுத்து சரின்னு சொன்னாத்தான் புது இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில ஏறும். ஏறுறது நம்பர் மட்டும், சிசி மாறாது, ஏன்னா அதே வகைதானே.

இப்ப புரோக்கர் செய்யறதைப் பாருங்க. இதே அப்ளிகேஷனைப் போட்டு, இசுசு இன்ஜின் நம்பரை "அதே வகை இன்ஜின் மாற்றம்"னு ஏத்திருவாரு. வண்டி கூட வர வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம் அதுதான், வண்டி போனா பானெட்டைத் திறந்த உடனே தெரிஞ்சு போயிரும். உங்க கைக்கு வர்ற ஆர்.சி.யில இன்ஜின் நம்பர் புதுசு, சிசி மட்டும் பழைய 1489. நீங்க பார்த்து "நம்பர் ஏறிருச்சு"ன்னு சந்தோஷப்பட்டு பணத்தைக் குடுத்துருவீங்க. அந்த ஆர்.சி. உங்களுக்கு எதிரான சாட்சி. 15 வருஷம் தாண்டுன வண்டி, அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை ரினீவலுக்குப் போய்த்தான் ஆகணும், அங்க கொஞ்சம் விவரமான இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தா முடிஞ்சுது. கையெழுத்து போட்டது நீங்க, பொய் சொன்னது நீங்க, புரோக்கர் பேரு எங்கயும் இருக்காது.

இதைவிட மோசமா, பழைய நம்பரையே புது பிளாக்குல அடிச்சுத் தர்றேன்னு சொல்ற ஆளுங்களும் உண்டு. ஒருதடவை ஒரு வண்டி ஆக்சிடென்ட் கிளைமுக்கு வந்துச்சு. பிளாக்கைத் துணியால துடைச்சு, பேப்பரை வச்சு பென்சில்ல தேய்க்கிறேன், முதல் நாலு எழுத்து ஆழமா விழுது, மீதி மேலாப்புல நிக்குது, சுத்தி இரும்பு மட்டும் வழவழன்னு இருக்கு, பழைய பிளாக்குன்னா வார்ப்போட சொரசொரப்பு இருக்கணும்ல. கிரைண்டர் போட்டு அழிச்சு அடிச்சிருக்காங்க. ஓனருக்கு இது எதுவுமே தெரியாது, செகண்ட் ஹாண்டா வாங்குன மனுஷன், கிளைம் போச்சு, அதுக்கப்புறம் போலீஸ் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமா அலைஞ்சாரு. இன்னும் மனசுல நிக்குது அந்த முகம்.

எனக்குக் கோபம் வர்றது எங்கன்னா, கம்பெனியே இதே மாடலுக்குப் போட்டு வித்த இன்ஜினுக்கும், எங்கயோ கிடைச்ச டர்போ டீசலை வெல்டிங் வச்சு நுழைக்கறதுக்கும் இந்தச் சட்டத்துல வித்தியாசமே இல்ல. ஒரு இன்ஜினியர் சோதிச்சு, பிரேக் சோதிச்சு, சர்டிபிகேட் குடுத்து ஏத்தற மாதிரி ஒரு நேர் வழி இருந்தா எவனும் புரோக்கர் பக்கம் போக மாட்டான். எல்லாம் ஆன்லைன்னு சொல்றாங்க, ஆன்லைன்ல பணம் கட்டிட்டு அதே பேப்பரைப் பிரிண்ட் எடுத்துட்டு வரிசையில நிக்கணும். கவுன்டர்ல கேட்டா ஒருத்தர் முடியாதுங்கறாரு, அடுத்த ரூம்ல எழுதிக் குடுங்க பார்க்கலாம்ங்கறாரு, எழுதிக் குடுத்தா பதிலே வராது, அந்தச் சந்துலதான் புரோக்கர் கடை போடறான்.

பேப்பர் கதை இவ்வளவு. பிரேக்குக்கு வர்றேன். வால்பாறை ஏறுறதை மட்டும் யோசிக்கிறீங்க, அதே 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கணும்ல. உங்க வண்டிக்கு நாலு வீலும் டிரம் பிரேக். பழைய இன்ஜின் 50 குதிரைத்திறன் பக்கம், இசுசு 75 பக்கம். 60ல போன வண்டி 90ல போனா நிறுத்த வேண்டிய சக்தி ஒண்ணரை மடங்கு இல்ல, ரெண்டேகால் மடங்கு, அத்தனையும் டிரம்முக்குள்ள சூடா மாறும். சூடு ஏறுன டிரம் விரியும், லைனிங் பிடிக்காது, பெடல் பலகை வரைக்கும் போயிரும். முன்னாடி டிஸ்க் பிரேக்கு, பெரிய ரேடியேட்டர், புது மவுன்டிங், கியர் பாக்ஸ் நீளத்துக்கு ஏத்த மாதிரி, பின் சக்கரத்துக்குச் சுழற்சியக் கொண்டு போற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி பேலன்ஸ் பண்றதுன்னு எல்லாத்தையும் சேர்த்து உங்க மெக்கானிக் கணக்கு சொன்னாரா? இன்ஜின் விலையை மட்டும்தான் சொல்லியிருப்பாரு.

இன்னொண்ணு. 50 வருஷம் தாண்டி ஒரிஜினலா இருக்கிற வண்டிக்கு 2021ல வின்டேஜ் பதிவு கொண்டு வந்தாங்க, வி.ஏ. நம்பர் குடுப்பாங்க. தினசரி ஓட்ட முடியாது, அது வேற விஷயம், ஆனா உங்க வண்டிக்கு 2028ல அந்தத் தகுதி வரும். இன்ஜினை மாத்துனா போச்சு.

சரி, அப்ப மலை ஏற என்ன வழி? 1489 சிசி இன்ஜின் நல்லா இருந்தா அஞ்சு பேரோட வால்பாறைக்கு ரெண்டாவது, மூணாவதுல ஏறும், ஒரு காலத்துல ஊட்டி டாக்சி எல்லாம் இதே இன்ஜின்தான். முதல் கியர்லயே நிக்குதுன்னா இன்ஜின் சின்னதா இருக்கறது காரணம் இல்ல, களைச்சுப் போயிருக்கு. சமமான ரோட்டுல வண்டிய நியூட்ரல்ல தள்ளிப் பாருங்க, லேசா உருளணும், இல்லன்னா பிரேக் பிடிச்சுட்டு நிக்குது. மேட்டுல டாப் கியர்ல ஆக்சிலேட்டர் மிதிச்சா சத்தம் மட்டும் ஏறி ஸ்பீடு ஏறலன்னா கிளட்ச் வழுக்குது. டிஸ்ட்ரிபியூட்டர்ல பாயின்ட் கேப், பிளக் பொறி விடற டைமிங் ஒருதடவை பாருங்க, பாதிப் பேருக்கு இதுலயே தீர்ந்துரும்.

அதுக்கும் மசியலன்னா கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டர்லயும் எவ்வளவு அழுத்தம் நிக்குதுன்னு பார்க்கணும். இன்ஜின் சூடா இருக்கணும், காயில் வயரைக் கழட்டி, நாலு பிளக்கையும் எடுத்துட்டு, ஆக்சிலேட்டர் முழுசா மிதிச்சபடி செல்ஃப் அடிச்சு ஒவ்வொரு சிலிண்டரா கேஜ் வச்சு எழுதிக்குங்க. எது குறைவா காட்டுதோ அதுல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊத்தி மறுபடி பாருங்க. ஏறுனா ரிங்கு, போர் தேய்மானம், ஏறலன்னா வால்வு, இல்ல ஹெட் கேஸ்கெட். ரீபோர் பண்ணி, அதாவது தேஞ்ச சிலிண்டரைக் கொஞ்சம் பெருசாக் கடைஞ்சு, 40 சைஸ் (ஆயிரத்துல 40 பங்கு அங்குலம் பெரிய) பிஸ்டன் போட்டீங்கன்னா கணக்குப்படி 1531 சிசி பக்கம் வரும், அது ரிப்பேர், அதுக்காக யாரும் ஆர்.சி.யத் தூக்கிட்டு ஓட வேண்டாம். பில்லை மட்டும் பத்திரமா வைங்க.

நாலு சிலிண்டர் அளவையும், ஆயில் ஊத்துனதுக்கு முன்னாடி பின்னாடி ரெண்டையும் எழுதி அனுப்புங்க, ஹெட்டோட போதுமா, முழு இன்ஜினும் இறக்கணுமான்னு சொல்றேன். அதுவரைக்கும் புரோக்கருக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க, குடுத்திருந்தா இன்னைக்கே திருப்பிக் கேளுங்க, உங்க ஆர்.சி. ஒரிஜினல் அவர்கிட்ட இருந்தா அதை முதல்ல வாங்குங்க.