சென்சார் ஈரம் என்கிறது, செடி வாடுகிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆனேக்கல் பக்கம் அரை ஏக்கரில் சொட்டுநீர் போட்டுத் தக்காளி வைத்திருக்கிறேன். மண்ணில் செருகிய கெப்பாசிட்டிவ் சென்சார் (ஈரம் அளக்கும் தகடு) எந்நேரமும் 80 சதவீதம் ஈரம் காட்டுகிறது. செடியோ மத்தியானம் ஆனால் வாடுகிறது. எதை நம்புவது?
– வாசகர், பொம்மனஹள்ளி, பெங்களூரு

பதில்: மண்ணை நம்புங்கள். செடிக்குப் பக்கத்தில் 15 செ.மீ. தோண்டி ஒரு பிடி எடுத்துப் பிசைந்து பாருங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் சென்சார்தான் தப்பு.

பெரும்பாலும் தப்பு அதை வைத்த இடத்தில்தான் இருக்கும். டிரிப்பருக்கு (நீர் சொட்டும் முனை) நேர் கீழே இருந்தால் அந்த இடம் காயவே காயாது. 10 முதல் 15 செ.மீ. தள்ளிச் சிறு குழி எடுத்து, 15 செ.மீ. ஆழத்தில் குழியின் பக்கச் சுவரில் கிடையாகச் செருகுங்கள். தகட்டின் அகலப் பக்கம் மேலே பார்க்கக் கூடாது. பார்த்தால் அதன்மேல் தண்ணீர் தேங்கும். சரளை கலந்த செம்மண்ணில் தகட்டை ஒட்டிக் காற்று நின்றுவிடும், அப்போது ஈரத்தைக் குறைத்துக் காட்டும். அதே மண்ணைச் சேறாகக் கரைத்து ஊற்றிவிட்டுச் செருகினால் இது வராது.

அந்த 80 சதவீதம் மண்ணில் உள்ள நீரின் அளவும் அல்ல. சென்சாரைக் காற்றில் பிடித்தபோது வந்த எண்ணை 0 என்றும், தண்ணீரில் முக்கியபோது வந்ததை 100 என்றும் வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் மண்ணுக்கான எண்ணை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். நன்றாகப் பாய்ச்சி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுங்கள். வடிய வேண்டியது வடிந்தபின் வரும் எண்தான் மேல்வரம்பு. பிறகு தாளை எடுத்துவிட்டு, தினமும் காலையில் எண்ணைக் குறித்துக்கொண்டே அதே ஆழத்து மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டை லேசாக உடையத் தொடங்கும் நாளின் எண்ணில் மோட்டாரைப் போடுங்கள். அதற்குமேல் காயவிட வேண்டாம்: வேர் எடுக்கக்கூடிய நீரில் 40 சதவீதம் குறைந்தாலே தக்காளி திணறும்.

தோண்டிய மண் ஈரமாகவே இருந்து, செடி மறுநாள் காலையிலும் நிமிரவில்லை என்றால் பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல் இழை இறங்கினால் அதுதான். அந்தச் செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். தண்ணீரைக் கூட்டினால் நோய்தான் பரவும். அடுத்த நடவுக்கு, ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இந்த நோயைத் தாங்கும் ரகம்.

கேள்வி: மாடித் தோட்டத்துக்கு ஈஎஸ்பி32 போர்டில் (வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை) மண் ஈர சென்சார் இணைத்தேன். வைஃபை ஓடத் தொடங்கியதும் அளவு வருவதில்லை. போர்டு பழுதா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: பழுதில்லை. 4, 13, 25, 27 போன்ற பின்கள் ஏடிசி2-வைச் சேர்ந்தவை (ஏடிசி என்பது சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி). வைஃபை ஓடும்போது அவற்றில் அனலாக் அளவு படிக்க முடியாது. ஒயரை 32 முதல் 35 வரையுள்ள ஒரு பின்னுக்கு மாற்றி, புரோகிராமிலும் எண்ணை மாற்றுங்கள். சென்சாரின் மேல்பகுதியில் உள்ள சிப்புகளுக்கும் தகட்டின் வெட்டு விளிம்புகளுக்கும் இரண்டு பூச்சு எபாக்ஸி அடியுங்கள். விளிம்பு வழியே நீர் ஏறினால் அளவு மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே போகும்.

கேள்வி: வயலில் வைஃபை எட்டவில்லை. எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் லோரா மாட்யூல் (தொலைதூரத்துக்கு ரேடியோவில் அளவை அனுப்பும் கருவி) கேட்டால் 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என்கிறார்கள். எது?
– வாசகர், கே.ஆர். புரம், பெங்களூரு

பதில்: 868 வகையை வாங்கி, புரோகிராமில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸுக்குள் வையுங்கள், இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதியுள்ள அலைவரிசை அது. ஆன்டெனாவை மாட்டாமல் மின்சாரம் கொடுத்து அனுப்பிப் பார்க்காதீர்கள், சிப் எரிந்துவிடக்கூடும்.