காலையில் மட்டும் நீலப்புகை: என்ஜினைப் பிரிக்கும் முன்

வணக்கம். 1,10,000 கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் கார், 1,500 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் ஆயில் குறைகிறது, ஒழுகல் இல்லை, காலை ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை, மெக்கானிக் என்ஜினைப் பிரிக்கச் சொல்கிறார் என்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையம்) விறைத்துப்போனால், ராத்திரி முழுக்க நிற்கும் வண்டியில் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக சிலிண்டருக்குள் கசியும். காலையில் எரிவது அதுதான். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையமான பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மேடு ஏறும்போதும் புகை வரும்.

முதலில் பிசிவி வால்வைப் பாருங்கள்; என்ஜினுக்குள் சேரும் வாயுவை மறுபடி எரிய அனுப்பும் வால்வு இது, கெட்டால் ஆயிலும் கூடவே போய் எரியும். மலிவான பாகம், பலர் தொடுவதே இல்லை. அப்புறம் கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து, அளவு ஏறினால் பெரும்பாலும் ரிங்தான் கோளாறு. ஆனால் கம்ப்ரெஷன் சரியாக இருந்தும் ஆயில் ரிங் (சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழிக்கும் பிஸ்டன் ரிங்) கரி பிடித்து ஒட்டியிருக்கலாம், அதையும் மனதில் வையுங்கள்.

சீல்தான் என்றால், பல என்ஜின்களில் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றவே வேண்டாம். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, வால்வு கீழே விழாமல் பிடித்துக்கொண்டே சீலை மாற்றலாம். இதைச் செய்து பழகியவரா என்று கேட்டு வேலை கொடுங்கள்.

அதுவரை வாரம் ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு காட்டும் குச்சியில்) ஆயில் அளவைப் பாருங்கள்.