எண்ணினால் போதாது, பொருத்த வேண்டும்: மர வளையங்கள் பற்றிய கேள்வி-பதில்

மர வளையங்களை வைத்துக் காலம் கணிப்பது பற்றி வந்த கேள்விகளில், பலரும் கேட்டவற்றை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கேள்வி: வளையங்களை எண்ணினால் மரத்தின் வயது தெரியும், சரி. ஆனால் என்றோ வெட்டிய ஓர் உத்தரம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பொருத்திப் பார்த்துத்தான். வறண்ட ஆண்டில் வளையம் ஒல்லியாக விழும், மழை நன்றாகப் பெய்த ஆண்டில் தடிமனாக விழும். ஒரே வட்டாரத்து மரங்கள் எல்லாம் ஒரே வானிலையைச் சந்திப்பதால் அவற்றின் ஒல்லி, தடிமன் வரிசையும் ஒன்றுபோல இருக்கும். நூறு ஆண்டுக்கு நீளும் அப்படி ஒரு வரிசை, வேறொரு நூற்றாண்டில் அச்சு அசலாகத் திரும்பி வருவதில்லை. இன்று நிற்கும் மரத்தின் உள்வளையங்களை ஒரு பழைய வீட்டுத் தூணின் வெளிவளையங்களோடு பொருத்தலாம். அந்தத் தூணின் உள்வளையங்களை அதற்கும் பழைய கட்டையோடு பொருத்தலாம். இப்படியே பின்னோக்கிப் போய், மத்திய ஐரோப்பாவில் ஓக், பைன் மரங்களைக் கொண்டு 12,000 ஆண்டுகளுக்கும் மேலான தொடரைக் கட்டிவிட்டார்கள்.

வெறுமனே எண்ணுவதில் ஆபத்து உண்டு. கடும் வறட்சியில் வளையமே விழாமல் போகலாம். பருவத்தின் நடுவில் காய்ந்து, மறுபடி மழை வந்தால் ஒரே ஆண்டில் இரண்டு வளையம் போலத் தெரியும். பல மரங்களை ஒப்பிட்டால்தான் இந்தப் பிழை பிடிபடும்.

இந்தத் துறையைத் தொடங்கியவர் ஒரு வானியலாளர், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஆண்ட்ரூ எல்லிகாட் டக்ளஸ். சூரியப் புள்ளிகளின் சுழற்சி மரங்களில் பதிவாகியிருக்குமா என்று தேடப் போனவர். அவரிடம் இரண்டு தொடர்கள் இருந்தன. ஒன்று இன்றைய மரங்களிலிருந்து பின்னோக்கிப் போனது. இன்னொன்று பியூப்லோ எனப்படும் பூர்வகுடி ஊர்களின் இடிபாடுகளில் இருந்த உத்தரங்களிலிருந்து கிடைத்தது. தனக்குள் கச்சிதமாகப் பொருந்தியது, ஆனால் எந்த ஆண்டு என்று தெரியாமல் மிதந்துகொண்டிருந்தது. 1929 ஜூனில் அரிசோனாவின் ஷோ லோ என்ற ஊரில் பாதி கரிந்த ஓர் உத்தரம் கிடைத்தது. எச்.எச்.-39 என்று பெயரிட்ட அந்தக் கட்டை, 1237-ல் தொடங்கிய தன் வளையங்களால் இரண்டு தொடர்களையும் இணைத்தது. அதுவரை வயது தெரியாதிருந்த பல இடிபாடுகளுக்கு அந்த ஒரே கட்டையால் ஆண்டு கிடைத்தது. கரிக்கட்டையைத் தூக்கி எறியாதீர்கள் என்று அகழாய்வுக்காரர்களிடம் நாங்கள் கெஞ்சுவது இதனால்தான்.

கேள்வி: உயிருள்ள மரத்தில் துளை போட்டால் அது செத்துவிடாதா?

பொதுவாகச் சாகாது. மரத்தை வெட்டாமல் வளையங்களைப் பார்க்கத்தான் துளை போடுகிறோம். பென்சிலை விட மெல்லிய, சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சி ஒன்றைத்தான் துளைக் கருவி வெளியே எடுக்கிறது. ஊசியிலை மரங்கள் அந்தக் காயத்தைப் பிசினால் மூடிவிடும். ஆனால் 1964-ல் அமெரிக்காவின் நெவாடாவில், ஆய்வுக்காக பிரிசில்கோன் பைன் என்ற ஊசியிலை மரம் ஒன்றை அனுமதியோடு அடியோடு வெட்டினார்கள். எண்ணியபோது 4,800-க்கும் மேற்பட்ட வளையங்கள் இருந்தன. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

கேள்வி: கிடைக்கும் ஆண்டு கட்டடம் கட்டிய ஆண்டுதானா?

இல்லை, இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நமக்குக் கிடைப்பது கட்டையில் மிஞ்சியுள்ள கடைசி வளையத்தின் ஆண்டு. பட்டை ஒட்டியிருந்தால் அதுவே மரத்தை வெட்டிய ஆண்டு. தச்சர் செதுக்கித் தள்ளியிருந்தால் எத்தனை வளையம் போயிற்று என்று சொல்ல முடியாது. 'இந்த ஆண்டுக்குப் பிறகு' என்று மட்டும் சொல்லலாம். வைரம் எனப்படும் நடுக்கட்டைக்கு வெளியே உள்ள வெளிறிய பகுதி கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால், ஓக் போன்ற மரங்களில் வெட்டிய காலத்தை ஓரளவு நெருங்கலாம். அப்புறம், பழைய கட்டடத்து உத்தரத்தைப் பிரித்துப் புதிய கட்டடத்தில் போடுவது எல்லாக் காலத்திலும் நடந்திருக்கிறது. ஒரே ஒரு கட்டையை நம்பி முடிவு சொல்லக்கூடாது.

கடைசி வளையம் முழுதாகக் கிடைத்தால் பருவம்கூடத் தெரியும். இங்கிலாந்தின் சாமர்செட் சதுப்பு நிலத்தில் புதைந்திருந்த 'ஸ்வீட் டிராக்' என்ற மரப்பாதையின் மரங்கள் கி.மு. 3807-3806 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை. எழுத்தே இல்லாத ஒரு சமூகம் எந்தக் குளிர்காலத்தில் வேலை செய்தது என்று சொல்ல முடிகிறதே!

கேள்வி: கார்பன்-14 முறை இருக்கும்போது இது எதற்கு?

பழைய பொருளில் மிஞ்சியுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து வயது கணிப்பது கார்பன்-14 முறை. அதற்கு அளவுகோலே மர வளையங்கள்தான். காற்றில் கார்பன்-14 அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. ஆண்டு தெரிந்த வளையங்களில் அதை அளந்துதான் திருத்தம் செய்கிறார்கள்.

2012-ல் ஜப்பானிய ஆய்வாளர் ஃபூசா மியாகே, கி.பி. 774-775 வளையங்களில் கார்பன்-14 திடீரென்று எகிறியிருப்பதைக் காட்டினார். சூரியப் பெருவெடிப்பு ஒன்று காரணமாக இருக்கலாம் என்பதே பலரின் கருத்து. 993-ஐ ஒட்டியும் இப்படி ஒன்று உண்டு. இந்த எகிறல்களின் தடம் உலகெங்கும் மரங்களில் பதிந்திருப்பதால், வளைய வரிசை பொருந்தாத கட்டைக்கும் ஆண்டு சொல்ல முடியும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் வைக்கிங்குகள் தங்கிய லான்ஸ் ஓ மெடோஸில், இரும்புக் கருவியால் வெட்டிய மரத்துண்டுகளில் 993-இன் தடத்தைக் கண்டார்கள். அங்கிருந்து பட்டை வரை 28 வளையங்கள். ஆக, வெட்டிய ஆண்டு 1021. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

கேள்வி: தடித்த வளையம் என்றால் நல்ல மழை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மரம் எங்கே நின்றது என்பதைப் பொறுத்தது. வறண்ட நிலத்தில் மழையைக் காட்டும். உயர்ந்த, குளிர்ந்த மலையில் கோடையின் வெப்பத்தைக் காட்டும். எல்லாம் குறைவில்லாமல் கிடைத்த இடத்தில் நிற்கும் மரம் ஆண்டுதோறும் ஒரே மாதிரி வளர்ந்து எதையும் சொல்லாது. அதனால் கஷ்டப்பட்டு வளர்ந்த மரங்களையே தேடிப் போகிறோம். இளமரத்தில் வளையம் இயல்பாகவே தடிமனாக இருக்கும் என்பதால் அந்தப் போக்கைக் கணக்கிட்டு நீக்க வேண்டும். பிறகு மழைமானிப் பதிவோடு ஒப்பிட வேண்டும்.

இதன் பயன் ஏட்டோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் கொலராடோ ஆற்று நீரை மாநிலங்களுக்குள் பிரித்த 1922 ஒப்பந்தம், அப்போது கிடைத்திருந்த சில ஆண்டு அளவுகளை நம்பியது. அந்த ஆண்டுகள் பல நூற்றாண்டுகளில் அபூர்வமாக நீர்வளம் மிகுந்தவை என்று பின்னால் மர வளையங்கள் காட்டின. இல்லாத தண்ணீரைப் பங்கு போட்டிருந்தார்கள்.

கேள்வி: வெப்பமண்டல மரங்களில் இது செல்லுபடியாகுமா?

பலவற்றில் தெளிவான ஆண்டு வளையம் இருக்காது. பனை, தென்னையில் வளையமே கிடையாது. தேக்கு நல்ல விதிவிலக்கு, வறண்ட பருவத்தில் இலையுதிர்த்து வளர்ச்சியை நிறுத்துவதால். வியட்நாம் மலைகளில் வளரும் ஒருவகை சைப்ரஸும் அப்படித்தான். அதன் வளையங்கள் 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீண்ட வறட்சிகளையும், இடையிடையே கடும் பருவமழைகளையும் காட்டுகின்றன. கம்போடியாவின் அங்கோர் நகரம் தளர்ந்த காலம் அது. அங்கே தூர்ந்துபோன கால்வாய்களில் வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணல் இன்னும் கிடக்கிறது.