வாசகர் கேள்வி – பதில்: எறும்பினிடத்தில் போய்…

கேள்வி: பத்தும் ஆறும் வயதான என் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி கற்பித்து வருகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் இயற்கைப் பாடம். முதலில் ஒரு வேத வசனத்தை வாசித்துவிட்டு, அதற்குப் பொருத்தமான ஒன்றைத் தேடி வெளியே போகிறோம். இரண்டாவது மாதமே பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது. "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் பெரியவன் "தேவன் நல்லவர்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுகிறான். போதாக்குறைக்கு, செடிகளின் பெயரும் பறவைகளின் பெயரும் எனக்கே தெரியாது. நான் எங்கே தவறுகிறேன்?

பதில்: சகோதரி, உங்கள் மகன் சொன்ன பதிலில் பிழையில்லை. எதையும் பார்க்காமலே அந்தப் பதிலைச் சொல்லிவிட முடிகிறது என்பதுதான் சிக்கல். நீதிமொழிகள் 6:6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எறும்பினிடத்தில் "போய்", அதின் வழிகளைப் "பார்த்து", அதன் பிறகே ஞானத்தைக் "கற்றுக்கொள்" என்கிறது வசனம். இரண்டு வினையெச்சங்களைக் கடந்துதான் வினைமுற்றுக்கு வர முடியும்; நாமோ முற்றிலேயே தொடங்கிவிடுகிறோம்.

ஆகவே அடுத்த வெள்ளிக்கிழமை வசனம் எதையும் வாசிக்காமல் ஓர் எறும்புச் சாரையின் அருகே மூவரும் உட்காருங்கள். ஈரத் துணியால் சாரையின் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்குத் துடைத்துவிடுங்கள். வந்துகொண்டிருந்த எறும்புகள் ஏதோ சுவரில் முட்டிக்கொண்டவைபோல அந்த இடத்தில் நின்று, உணர்கொம்புகளை ஆட்டி, சில பக்கவாட்டில் அலைந்து, சில வந்த வழியே திரும்புவதைப் பிள்ளைகள் காண்பார்கள். பிறகு ஏதேனும் ஓர் எறும்பு எப்படியோ கடந்துவிடும். மெல்ல மெல்லச் சாரை மறுபடியும் கூடும். முன்னே சென்றவை தரையில் விட்ட வாசனையைப் பிடித்துக்கொண்டே பின்னே வருபவை நடக்கின்றன என்பதை நீங்கள் உடனே சொல்லிவிட வேண்டாம். "எது அழிந்துபோனது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள், விடை வர ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

பிறகு வரையச் சொல்லுங்கள். இளைய பிள்ளை பெரும்பாலும் எறும்பின் வயிற்றில் நான்கு கால்களை ஒட்டவைத்திருக்கும். ரப்பரை எடுக்காமல் ஒரு லென்ஸைக் கொடுத்து, "கால்கள் எந்த இடத்திலிருந்து புறப்படுகின்றன?" என்று கேளுங்கள். ஆறு கால்களும் உடலின் நடுப்பகுதியிலிருந்தே கிளம்புகின்றன, பின்னால் உருண்டு நிற்கும் வயிற்றில் ஒன்றுமே இல்லை என்று தானாகக் கண்டுபிடித்த குழந்தை அதை மறக்காது. முதல் படத்தையும் நோட்டில் அப்படியே இருக்கவிடுங்கள்.

பெயர் தெரியாதது ஒரு குறையே அல்ல. தேதி, நேரம், வானிலை, பார்த்த இடம் ஆகியவற்றை எழுதிவிட்டு, பெயருக்கு மட்டும் ஒரு வெற்றிடம் விடுங்கள். இலையின் விளிம்பையும் பூவிதழ்களின் எண்ணிக்கையையும் குறித்து வைத்திருந்தால் பிறகு கையேட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம். ஆதியாகமம் 2:19-இலும் உயிரினங்கள் ஆதாமின் கண்முன் கொண்டுவரப்பட்ட பிறகுதான் பெயரிடுதல் நடக்கிறது. இங்கிலாந்தில் கிறிஸ்தவப் பெற்றோரிடையே இயற்கை நோட்டுப் பழக்கத்தைப் பரப்பிய கல்வியாளர் சார்லட் மேசனும் (1842–1923), பிள்ளை தன் கண்ணால் கண்டதையே முதலிடத்தில் வைத்தார். தாய் ஓயாமல் விளக்கிக்கொண்டே வருவதை அவர் விரும்பவில்லை. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

வசனத்தை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதைக் குடும்ப ஜெபத்துக்கு மாற்றிவிடுங்கள். பகலில் சாரையைப் பார்த்த பிள்ளை இரவில் நீதிமொழிகளைக் கேட்கும்போது, "அதின் வழிகள்" என்ற சொல் அதன் காதில் வேறுவிதமாக விழும்.

கேள்வி: சிலந்தி வலையில் சிக்கிய ஈயைப் பார்த்து, "அன்பான தேவன் ஏன் இப்படி விட்டார்?" என்று என் மகள் அழுதாள். அன்றைய பாடத்தை அத்துடன் நிறுத்திவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: அழுகையைக் கண்டு பாடத்தை நிறுத்தியதில் தவறில்லை, கேள்வியையும் சேர்த்து மூடிவிட்டிருந்தால்தான் தவறு. பூக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் மட்டுமே காட்டி வளர்த்தால், முதல் சிலந்தியிலேயே விசுவாசம் தடுமாறும். வேதாகமம் இதை மறைப்பதில்லை. சங்கீதம் 104:21-இல் பாலசிங்கங்கள் இரைக்காக கெர்ச்சித்து தேவனிடத்தில் ஆகாரம் தேடுகின்றன. யோபு 39:30-இல் கழுகின் குஞ்சுகள் இரத்தத்தை உறிஞ்சுகின்றன, அதைச் சொல்பவர் கர்த்தரே. அதே வேளையில் ரோமர் 8:22, சிருஷ்டி முழுவதும் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்கிறது. உயிர்களிடையே வந்த மரணம் ஆதாமின் வீழ்ச்சியால் வந்தது என்று ஒரு சாராரும், இரை தேடுதல் தொடக்கத்திலிருந்தே படைப்பின் ஒழுங்கில் இருந்தது என்று மற்றொரு சாராரும் நம்புகிறார்கள். உங்கள் சபையின் போதனை எதுவோ அதைச் சொல்லுங்கள். ஆனால் "எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது" என்பதை முதலில் சொல்லுங்கள். மனம் ஆறியதும் சிலந்தியை மறுபடி பார்க்க அவளே கூப்பிடக்கூடும். அப்போது கால்களை எண்ணச் சொல்லுங்கள். எட்டு இருக்கும், எறும்போடு ஒப்பிட ஒரு வாய்ப்பு.

கேள்வி: தொடர்மழையால் மூன்று வாரங்கள் வெளியே போகவே முடியவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். கண்ணாடிக் குவளையின் உட்புறத்தில் ஈரத்தாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஊறவைத்த நான்கு அவரை விதைகளை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும்படி செருகிவையுங்கள். தலைகீழாக வைத்த விதையின் வேர் எந்தப் பக்கம் போகும் என்று பிள்ளைகள் முன்கூட்டியே எழுதட்டும். நான்கும் வளைந்து கீழ்நோக்கியே இறங்கும்போது மழையும் அநேகமாக விட்டிருக்கும்.