பிரசவ அறையா, குடும்ப கிளினிக்கா?

கேள்வி: தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, என்கிளெக்ஸ் (அமெரிக்காவில் நர்ஸாக உரிமம் பெறும் தேர்வு) எழுதி, இப்போது டெக்சாஸின் ஹூஸ்டனில் லேபர் வார்டு நர்ஸாக இருக்கிறேன். மேற்படிப்புக்கு நர்ஸ் மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் நர்ஸ்) எடுப்பதா, ஃபேமிலி நர்ஸ் ப்ராக்டிஷனர் (எல்லா வயதினரின் நோயையும் பார்த்து மருந்து எழுதும் நர்ஸ்) எடுப்பதா? இரண்டாவதைப் படித்தால் வேலை சுலபமாகக் கிடைக்கும், பிரசவமும் பார்க்கலாம் என்கிறார்கள். கணவர் வேலை இங்கே என்பதால் ஊர் மாற முடியாது.

பதில்: உங்களுக்குச் சொன்னவர்கள் பாதி சரி. வேலை சுலபம்தான். ஆனால் ஃபேமிலி நர்ஸ் ப்ராக்டிஷனர் படிப்பில் பிரசவம் பார்க்கும் பயிற்சி கிடையாது. சில கிளினிக்குகளில் கர்ப்பகாலப் பரிசோதனை வரை செய்வார்கள். வலி எடுத்ததும் அந்தப் பெண் வேறொருவர் கைக்குப் போய்விடுவார்.

இன்னொன்று. ஊரில் நர்ஸ், மிட்வைஃப் என்று சேர்த்தே பதிவு செய்திருப்பீர்கள். அமெரிக்காவில் நர்ஸ் மிட்வைஃப் ஆக அந்தப் பதிவு உதவாது. மிட்வைஃப் படிப்புகளை அங்கீகரிக்கும் ஏ.சி.எம்.இ. அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மேற்படிப்பை முடித்து, சான்றளிக்கும் வாரியமான ஏ.எம்.சி.பி. நடத்தும் தேர்வு எழுத வேண்டும்.

மிட்வைஃப் என்றால் பிரசவம் மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். கருத்தடை, பாப் ஸ்மியர் (கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை), மாதவிடாய் நிற்கும் காலத் தொல்லைகள், பிறந்த குழந்தையின் முதல் 28 நாள் எல்லாமே அவர்கள் வேலைதான். அதே பெண்ணின் மாமனாருக்கு பி.பி., மூத்த பிள்ளைக்குக் காதுவலி என்றால் அது ஃபேமிலி ப்ராக்டிஷனரிடம் போகும். சர்க்கரை, இருமல், தடுப்பூசி, மனச்சோர்வு, முடிவில்லாத படிவங்கள் என்று அவர்கள் நாள் ஓடும். லேபர் வார்டின் பரபரப்புக்குப் பழகிய சிலருக்கு இது சப்பென்று இருக்கும். சிலருக்கோ, அப்பாடா என்று இருக்கும். நீங்கள் எந்த ரகம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சம்பளத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அரசுப் புள்ளிவிவரப்படி சமீப ஆண்டுகளில் நர்ஸ் ப்ராக்டிஷனர்கள், மிட்வைஃப்கள் இரு தரப்பின் நடுமட்டச் சம்பளமும் ஆண்டுக்கு 1,25,000 முதல் 1,30,000 டாலருக்குள்தான். வித்தியாசம் வேலை வாய்ப்பில் இருக்கிறது. நாடு முழுக்க நர்ஸ் ப்ராக்டிஷனர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பாலானோர் ஃபேமிலி பிரிவு. நர்ஸ் மிட்வைஃப்களோ ஏறக்குறைய 14 ஆயிரம் பேர்தான். ஊர் மாற முடியாத உங்களுக்கு இந்த எண்ணிக்கை முக்கியம். ஹூஸ்டன் பெரிய நகரம் என்பது ஒரு ஆறுதல். ஆனாலும் எந்தெந்த மருத்துவமனையில் மிட்வைஃப் குழு இருக்கிறது, புதிதாகப் படித்து வருபவரை எடுக்கிறார்களா என்று சேருவதற்கு முன்பே அவர்களிடம் நேரில் கேட்டுவிடுங்கள்.

தனியாகத் தொழில் நடத்தும் கனவு இருந்தால், டெக்சாஸில் இரண்டும் ஒன்றுதான். மருந்து எழுத, எந்தப் பிரிவானாலும் டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும். சிகிச்சை தொடர்பான வழக்குகளுக்கு எடுக்கும் இன்ஷூரன்ஸ்தான் மிட்வைஃப்களுக்குத் தலைவலி. குழந்தைக்கு ஏற்பட்ட பாதிப்புக்காகப் பல வருடம் கழித்தும் வழக்கு வரலாம் என்பதால், வேலையை விட்ட பிறகும் பாலிசி உங்களைக் காக்குமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். ராத்திரி ஆன்-கால் பற்றி லேபர் வார்டு ஆளான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டையும் சேர்த்துப் படிக்கவும் வழி உண்டு. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கூட்டுப் படிப்பு இருக்கிறது. கென்டக்கியின் ஃப்ரான்டியர் பல்கலைக்கழகம் 1939 முதல் மிட்வைஃப்களை உருவாக்கிவருகிறது. அங்கே தொலைநிலையில் இரண்டில் எதை வேண்டுமானாலும் படிக்கலாம், முதுநிலைக்குப் பின் மற்றதைச் சான்றிதழ் படிப்பாகச் சேர்த்துக்கொள்ளவும் முடியும்.

உங்கள் கடிதத்தில் பிரசவத்தை விட மனமில்லாதது தெரிகிறது. அதனால் என் யோசனை: ஹூஸ்டனில் இடம் இருப்பது உறுதியானால் முதலில் மிட்வைஃப். ஃபேமிலி பிரிவைத் தேவைப்பட்டால் பிறகு சேருங்கள். தலைகீழாகச் செய்வது கடினம், ஏனென்றால் பிரசவப் பயிற்சி தரும் இடங்களும் ஆட்களும் குறைவு. அப்புறம், பயிற்சி தரும் ப்ரிசெப்டரைக் கல்லூரியே பிடித்துத் தருமா, நீங்களே தேட வேண்டுமா என்று பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பலருடைய படிப்பு இழுத்துக்கொண்டு போவது அங்கேதான்.