ஃபேனை அஞ்சுல வெச்சு போட்ட சண்டை (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

12 வருஷமா துபாய்ல இருக்கேன். போன மாசம் எங்களோட பத்தாவது கல்யாண நாள். ஊர்ல இருந்து வந்திருக்கிற அம்மாகிட்ட பசங்களை விட்டுட்டு சனி ஞாயிறுக்கு இஸ்தான்புல் போனோம். எக்செல்ல போட்டு 17 இடம் பிளான் பண்ணியிருந்தேன். சனிக்கிழமை எல்லாம் கரெக்டா போச்சு, ஹாகியா சோஃபியா மாடியை 25 நிமிஷத்துல முடிச்சிட்டோம். ஞாயித்துக்கிழமை காலையில கிராண்ட் பஜார் போனா கதவு மூடிக் கிடக்கு, ஞாயிறு லீவாம். "நேத்தே போலாம்னு சொன்னேன்ல"னு வைஃப் ஆரம்பிச்சாங்க. அங்க இருந்து எமினோனு படகுத்துறை வரைக்கும் நடுரோட்டுல சண்டை. சம்பந்தமே இல்லாம என் தம்பி கல்யாணத்தப்போ நடந்ததை எல்லாம் இழுத்தாங்க. கல்யாண நாளைக்குப் போய் இப்படி ஆயிடுச்சேன்னு மனசு கேக்கல. நான் பிளான் போட்டது தப்பா? அடுத்த வருஷம் பாரிஸ் போலாமா, இல்ல பேசாம ஒரு செயின் வாங்கிக் குடுத்துடலாமா? அப்புறம், ஹாகியா சோஃபியாவை மறுபடி மசூதி ஆக்கினது பத்தி உங்க கருத்து என்ன?

ர., துபாய்

*

தம்பி,

கல்யாண நாள், இஸ்தான்புல், செயின். இந்த மூணும் ஒரே லெட்டர்ல வந்தா நான் எப்படிப்பா பதில் போடாம இருக்கிறது? ஏன்னு பின்னாடி சொல்றேன்.

மசூதி கேள்வியை முதல்ல தள்ளி வெச்சிடுவோம். 537ல கட்டி முடிச்சாங்க, 1453 வரைக்கும் சர்ச், அப்புறம் மசூதி, 1935ல இருந்து மியூசியம், 2020ல மறுபடி மசூதி. அதைப் பத்தி சண்டை போட ஃபேஸ்புக்ல நிறைய பேர் இருக்காங்க, நாம நம்ம சண்டையைப் பாப்போம்.

பிளான் போட்டது தப்பில்ல. ஆனா 17 இடம் தேடிக் கண்டுபிடிச்ச மனுஷனுக்கு, ஐநூறு வருஷத்துக்கு மேல நடக்கிற, கிட்டத்தட்ட நாலாயிரம் கடை இருக்கிற ஒரு பஜார் ஞாயித்துக்கிழமை திறக்காதுன்னு தெரியலன்னா அது எக்செல் தப்பு கிடையாது. அவங்க சொன்னது சரி. மூடின கதவு முன்னாடி நின்னு "ஆமா, நீ சொன்னதைக் கேட்டிருக்கணும்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, எமினோனுலயே மசாலா பஜார் இருக்கு, அது ஞாயித்துக்கிழமையும் உண்டு, அங்க கூட்டிட்டு போயிருந்தா விஷயம் முடிஞ்சது. அந்த ஒரு வார்த்தைக்கு தான் நம்ம ஆம்பளைங்களுக்கு விசா கிடைக்க மாட்டேங்குது.

இன்னொன்னு. இப்ப ஹாகியா சோஃபியா மாடிக்கு ஆளுக்கு 25 யூரோ வாங்குறாங்க. 25 நிமிஷத்துல முடிச்சேன்னு பெருமையா எழுதியிருக்கீங்க, நிமிஷத்துக்கு ஒரு யூரோ! அங்க ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அந்த ஊரை ஆண்ட ராணி ஜோயியைப் பாத்தீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. தெற்குப் பக்கம் கடைசியில சுவத்துல தங்க மொசைக், நடுவுல இயேசு, ஒரு பக்கம் ராணி, இன்னொரு பக்கம் கையில பணமூட்டையோட ராஜா. அந்தம்மாவுக்கு முதல் கல்யாணமே ஐம்பது வயசு வாக்குல, மொத்தம் மூணு புருஷன். இப்ப படத்துல இருக்கிறது மூணாவது ஆளு, கான்ஸ்டன்டைன். முதல்ல அங்க இருந்தது முதல் புருஷன் முகமா இருக்கும்னு சொல்றாங்க, ராஜா மாறினதும் முகத்தைப் பேத்து எடுத்துட்டு புது முகம் பதிச்சு, மேல எழுதியிருந்த பேரையும் மாத்திட்டாங்க, உடம்பு பழசே தான். எங்க வீட்டுக்காரர் வேலை பாத்த காலம் முழுக்க கணக்கு எழுதின மனுஷன். அஞ்சு நிமிஷம் அண்ணாந்து பாத்துட்டு "சிக்கனமான அம்மா, படத்தை வேஸ்ட் பண்ணல"ன்னார். அதுல இருந்து எங்க வீட்ல அவர் ஏதாவது சொதப்பினா "தலையை மாத்திடுவேன்"னு சொல்றது வழக்கமாயிடுச்சு.

ஆமா, நாங்களும் போயிருக்கோம். 2013 செப்டம்பர், எங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாள். ஜெர்மனியில இருக்கிற மகளைப் பாக்கப் போன இடத்துல அவளே டிக்கெட் போட்டு மூணு நாளைக்கு அனுப்பி வெச்சா. நாங்களும் சண்டை போட்டோம். உங்களை விட பெரிய சண்டை.

அதுக்கு முன்னாடி எங்க மதுரை வீட்டைப் பத்தி சொல்லணும். ஒம்போது பேர் இருந்த வீடு, எங்க ரூமுக்கு ஒரு மரக்கதவு, தாழ்ப்பாள் சரியா விழாது, கதவுக்கு அந்தப் பக்கம் மாமனார் கட்டில். கல்யாணமான புதுசுல இருந்து நாங்க சண்டை போடணும்னா முதல்ல ஃபேனை அஞ்சுல வைப்போம். மார்கழி மாசக் குளிர்லயும் அஞ்சு தான். அந்த சத்தத்துக்கு நடுவுல கிசுகிசுன்னு திட்டிக்கிறது, அதுலயும் பாதி கேக்காது, "என்ன சொன்ன?"ன்னு கேட்டா திருப்பி சொல்றதுக்குள்ள கோவம் போயிடும், ஆனா விஷயம் போகாது, உள்ளயே போய் உக்காந்துக்கும். அப்புறம் மாமனார் மாமியார் காலமாகி, நாத்தனாருங்க கல்யாணமாகி, வீடு காலியாகி நாங்க ரெண்டு பேர் மட்டும் ஆனப்புறமும் எங்களுக்கு சத்தமா சண்டை போடத் தெரியல. பழக்கம் விட்டுப்போச்சுன்னு சொல்ல முடியாது, வரவே இல்ல.

எமினோனுல காடிகோய் போற படகுக்கு ஒரு துறை, உஸ்குதார் போற படகுக்கு வேற துறை. நான் "அந்தப் பக்கம்"னு கை காட்டினேன், அவர் "எனக்குத் தெரியும்"னு இந்தப் பக்கம் ஏறினார். காடிகோய் போக வேண்டியவங்க உஸ்குதார் படகுல உக்காந்திருக்கோம். சின்ன விஷயம், ரெண்டு ஊரும் எதிர்க்கரை ஆசியாப் பக்கம் தான். நான் வழக்கம் போல கிசுகிசுன்னு ஆரம்பிச்சேன், இஞ்சின் சத்தத்துல அவருக்குக் கேக்கல, "என்ன?"ன்னார். திருப்பி சொன்னேன், சத்தமா. படகுல யாரும் திரும்பிப் பாக்கல. ஒரு ஆளு இடுப்பு ஒடுங்கின சின்ன கிளாஸ்ல பால் இல்லாத டீயைத் தட்டுல வெச்சு தூக்கிட்டு போறான், எள்ளு ஒட்டின வளையத்தைப் பிச்சு கடல்காக்காவுக்கு வீசிட்டு இருக்காங்க, ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. அது புரிஞ்ச அந்த நிமிஷம் எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல, தொண்டையில இருந்து ஒரு குரல் வந்துச்சு பாருங்க, அது என் குரல்னே எனக்குத் தெரியாது. கேட்டேன், 1990ல உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு அடகு வெக்கக் கழட்டிக் குடுத்தேனே என் ரெட்டைவடச் சங்கிலி, அது எங்க?

இருபத்திமூணு வருஷம் அந்தக் கேள்வியை நான் கேக்கல. ஏன்னா எனக்கு பதில் தெரியும்னு நினைச்சுட்டு இருந்தேன். மீட்டு நாத்தனாருக்கே போட்டுட்டாங்கன்னு. அவ ஒவ்வொரு பொங்கலுக்கும் வரும்போது கழுத்தைத் தான் முதல்ல பாப்பேன், புடவைக்குள்ள ஒளிச்சிருக்கான்னு பாப்பேன். அவளுக்கு வெச்ச பாயசத்துல முந்திரி போட மாட்டேன், சிரிக்காதீங்க.

அவரும் கத்தினார். வாழ்க்கையில முதல் தடவை. "அது மூழ்கிடுச்சுடி! வட்டி கட்ட முடியல, 92லயே மூழ்கிடுச்சு, உன்கிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியாம தான் இருந்தேன்!"

அவர் அடகு பாஷையில சொன்னார். ஆனா நான் ஒரு செகண்ட் படகுக்கு வெளிய தண்ணியைப் பாத்தேன்.

அடுத்த மாசம் அக்டோபர் 29 அங்க கடலுக்கடியில ரயில் திறந்துட்டாங்க, இப்ப எமினோனு பக்கத்துல இருக்கிற சிர்கேஜில இருந்து உஸ்குதாருக்கு நாலு நிமிஷம். நல்லவேளை எங்க காலத்துல இல்ல. இருந்திருந்தா அவர் 'மூழ்கிடுச்சு'ன்னு சொல்றதுக்குள்ள ஸ்டேஷன் வந்திருக்கும். நாங்க உஸ்குதார்ல இறங்கவே இல்ல, அதாவது இறங்கி, மறுபடி காசு போட்டு அதே படகுல ஏறி, எமினோனு வந்து, மறுபடி போனோம். மூணாவது தடவை போறப்போ டீக்காரன் கேக்காமலே ரெண்டு கிளாஸ் வெச்சுட்டுப் போனான். எக்செல்ல போட்டா ஒரு வரி கூட வராது, தம்பி.

சரி, உங்க கதைக்கு வரேன். பஜார் கதவுக்கு எவ்வளவு இடம் குடுத்திருக்கீங்க, "தம்பி கல்யாணத்தப்போ நடந்தது"க்கு எவ்வளவு குடுத்திருக்கீங்க? ஒரு வரி. அதுக்கு முன்னாடி "சம்பந்தமே இல்லாம"ன்னு ஒரு முத்திரை வேற. என்ன நடந்துச்சு அந்தக் கல்யாணத்துல? எனக்கு எழுத வேண்டாம், எனக்கு அது தேவையும் இல்ல. உங்களுக்காவது தெரியுமா? அம்மா வந்து தங்கியிருக்கிற வீட்ல, பசங்க முழிச்சுக்குவாங்கன்னு, பக்கத்து ஃபிளாட்ல கேக்கும்னு, பத்து வருஷம் வாய்க்குள்ளயே வெச்சிருந்ததை ஒரு பொண்ணு மொழி தெரியாத ஊர் ரோட்டுல இறக்கி வெச்சிருக்கா. நீங்க அதை டூர் கெட்டுப்போன கணக்குல எழுதுறீங்க. அந்த ஊர்ல அவளுக்குப் பேச வேற யார் இருந்தா, உங்களைத் தவிர? உங்களுக்கும் வேற யாரு? 17 இடத்துல ஒண்ணை வெட்டிட்டு, படகுத்துறை பெஞ்சுல உக்காந்து "சரி, சொல்லு"ன்னு கேட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும், கோபுரத்துல இருந்து ஒரு செல்ஃபியா?

உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. மனசு கேக்கலன்னு எழுதுற ஆம்பளைங்க எத்தனை பேர்? ஆனா மனசு கேக்கலன்னா என்கிட்ட கேட்டு என்ன பிரயோஜனம், நேரா அவங்ககிட்ட கேளுங்க.

செயின் வாங்கிக் குடுங்க, வேண்டாம்னா சொல்லப் போறாங்க. ஆனா பேசாம வாங்கிக் குடுக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் 2014ல ஒண்ணு வாங்கினார், ஒத்தைவடம் தான், பில்லோட குடுத்தார்.

பாரிஸுக்கும் போங்க. பக்கத்துலயே போதும்னு துபாய் க்ரீக்ல ஒரு திர்ஹாம் படகுல ஏறிடாதீங்க, பக்கத்துல கீழக்கரைக்காரர் ஒருத்தர் உக்காந்திருப்பார், சண்டை முடியறதுக்குள்ள பஞ்சாயத்துக்கு வந்துடுவார். பாரிஸ்லயும் லா சப்பெல் பக்கம் தோசை சாப்பிட மட்டும் போங்க. அங்க யாழ்ப்பாணத்து சனம் நிறைய, எல்லாம் புரியும்.